மாற்று ஆளின் கால் அளவு

அக்கா,

நேற்றுச் சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஹாக்கி கோல் கீப்பர் காலில் கட்டும் பேடுகள் இரண்டையும் தோளில் போட்டுக்கொண்டு வந்து அடுப்படி வாசலில் இறக்கி வைத்தார். பழைய வியர்வை, தோல் வார், வெயிலில் காய்ந்த இலவம்பஞ்சு எல்லாம் கலந்த அந்த வாசனை எழுந்ததும் எனக்கு உங்கள் வீட்டுக் கொல்லைப்புறம் நினைவுக்கு வந்துவிட்டது.

"நாலு விரற்கடை நீளம் கூட்டோணும். புதுசா வந்திருக்கற ஆளு நல்ல நெட்டை. இனி கோல்ல அவருதான் நிக்கப் போறாரு" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள் என்று உங்கள் வீட்டுக்காரர், அண்ணன், எழுதிய தபால் ஆடி மாதத்தில் வந்தது. அன்றிலிருந்து உங்களுக்கு நாலு வரி எழுத வேண்டும் என்றுதான் இருந்தேன். பஜனைப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்து எழுதப் பழகியவள் நான். வீட்டுக் கணக்கைத் தவிர வேறொன்றும் எழுதியதில்லை. இந்தப் பேடுகள் வந்து எதிரே உட்கார்ந்துகொண்டதால் எழுதுகிறேன்.

சூரமங்கலம் ரயில்வே வீடுகளில் உங்களுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரே சுவர். நான் புதுப்பெண்ணாக வந்த அன்றைக்கே வாசலில் நின்று, "ராசிபுரத்துப் பொண்ணுன்னாங்க, நெய்ச்சட்டியைக் காணோமே" என்று கேட்டீர்கள். எங்கள் ஊர் நெய்க்குப் பேர்போனது என்பதால் செய்த கேலி அது என்று புரியாமல் நான் பயந்துபோய், "அடுத்த தடவை கொண்டாறனுங்க அக்கா" என்றேன். அதைச் சொல்லிச் சொல்லி எத்தனை நாள் சிரித்தீர்கள்.

அண்ணன் இன்ஜினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன். ரயில்வே ஹாக்கிக் குழுவின் கோல் கீப்பர். என் வீட்டுக்காரர் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. அதே குழுவில் மாற்று கோல் கீப்பர். மாற்று ஆள் என்றால், கோலுக்குப் பின்னால் நின்று வெளியே போன பந்தை எடுத்துப் போடுகிறவர். ஊருக்குத் திரும்பிய துரை ஒருவர் விட்டுப்போன ஒரு ஜோடி பேடுதான் குழுவுக்கு இருந்தது. யுத்த காலத்தில் வேறு வாங்க வழியில்லை. ஆகையால் பேடு அண்ணனுக்கு. இவர் பயிற்சி செய்தால் பார்சல் ஆபீஸ் சாக்கைக் காலில் சுற்றிக் கயிறு கட்டிக்கொள்வார். பேடுகள் உங்கள் வீட்டில்தான் இருக்கும். பிரித்து, பஞ்சை உலர்த்தி, திரும்ப அடைத்துத் தைப்பது உங்கள் பொறுப்பு. மாதா கோயிலுக்குப் போகுமுன் அவற்றை வெயிலில் வைத்துவிட்டுப் போவீர்கள். நான் காவல் இருப்பேன்.

ஒரு வருஷம் அண்ணனின் முட்டியில் பந்து பட்டு வீங்கிவிட்டது. ஈரோட்டுக்காரர்கள் ஆட வந்தபோது வேறு வழியில்லாமல் இவரை நிறுத்தினார்கள். அத்தனை வருஷத்தில் முதல் முறையாக அன்றுதான் இவர் அந்தப் பேடுகளைக் கட்டினார். மூன்று கோல் விழுந்தது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவர், "பார்சல் ஆபீஸ்காரராச்சே, வந்ததையெல்லாம் உள்ள வாங்கி வெக்கறாரு" என்று சொல்ல, மைதானமே சிரித்தது. உங்களுக்கும் சிரிப்பு வந்தது. என்னைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டு என் கையைப் பிடித்தீர்கள்.

அன்று இவர் சாப்பிடவில்லை. "மாத்து ஆளு மாத்து ஆளாவே இருக்கோணும். கோலுக்குள்ள போனது தப்பு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் பேடுகளைப் பிரிக்க உட்கார்ந்த நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள். "அம்மிணி, குனியும்போது தொடையில இடிக்குதான்னு உங்க ஊட்டுக்காரரைக் கேளு."

கேட்டேன். வேட்டியை ஒதுக்கிக் காட்டினார். இரண்டு தொடையிலும் பேட்டுக்குள் இருக்கும் பிரம்பு குத்திக் கன்றிப்போயிருந்தது. உயரமான மனிதருக்குச் செய்த பேடு, நெட்டையான அண்ணனுக்குச் சரியாக இருந்தது, இவர் முட்டியை மடக்கவிடாமல் நிறுத்தியிருக்கிறது. "அங்கயே சொல்லியிருக்கலாமில்லீங்க" என்றேன். "ஆடத் தெரியாதவனுக்குப் பேடு பெருசும்பாங்க" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னொரு ஆட்டம் இருந்தது. அதற்கு முந்தின நாள் மத்தியானம் கேப்டன் உங்கள் வீட்டுக்கு வந்தார். நான் முறத்தோடு உங்கள் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்திருந்தேன். என் முன்னாலேயே பேசினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

"அண்ணே, இந்த ஒரு ஆட்டம் மட்டும் நில்லுங்க. அவரு நல்ல மனுசன்தான், ஆனா பசங்க பயப்படறாங்க. பின்னாடி ஆளு சரியில்லேன்னா முன்னாடி எவனும் ஓட மாட்டேங்கறான்."

"நிக்கறேன்" என்றார் அண்ணன். உடனே சொன்னார். அந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

அடுத்த மாதம் அவருக்கு ரயில்வே டாக்டரின் பரிசோதனை இருந்தது. முட்டி இன்னொரு அடி வாங்கினால் இன்ஜினிலிருந்து இறக்கிவிடுவார்கள். கேப்டனுக்கு அது தெரியாது. உங்களுக்கும் எனக்கும் தெரியும். நீங்கள் சண்டை போடுவீர்கள் என்று நினைத்தேன். கேப்டனுக்கு மோர் கொடுத்து வாசல்வரை போய் அனுப்பிவிட்டு வந்தீர்கள். பிறகு என்னிடம், "உங்க ஊட்டுக்காரரை வரச் சொல்லு சாமி. கால் அளவு எடுக்கணும்" என்றீர்கள்.

இவர் கூச்சத்தோடு வந்து நின்றார். கணுக்காலிலிருந்து முட்டிக்கு நூல் பிடித்து முடிச்சுப் போட்டீர்கள். பேட்டின் மேல் அந்த நூலை வைத்துக் கரித்துண்டால் கோடு கிழித்தீர்கள். கோட்டுக்கு மேலே நாலு விரற்கடை மிச்சம் நின்றது.

அண்ணன் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அதை வெட்டிட்டா நான் மறுபடி கட்ட முடியாது" என்றார்.

"அதுக்குத்தான் வெட்டறேன்."

"கேப்டனுக்கு வாக்குக் குடுத்துட்டேன்டி."

"எனக்கும் ஒரு வாக்கு குடுத்திருக்கீங்க, கோயில்ல வெச்சு" என்றீர்கள்.

கான்வாஸை வெட்டிவிட்டீர்கள். உள்ளே இருந்த பிரம்பு உங்கள் கத்தரிக்கு மசியவில்லை. இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தீர்கள். இவரோ, "வேண்டாங்க அக்கா, விட்டுருங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பொறுத்து அண்ணன் எழுந்தார். நொண்டிக்கொண்டே உள்ளே போய் ரம்பத்தை எடுத்து வந்தார். கீழே உட்கார்ந்து, பேட்டைத் தன் நல்ல காலின் மேல் வைத்து, பிரம்புகளை ஒவ்வொன்றாக அவரே அறுத்தார்.  அறுத்து முடித்ததும் இவரிடம் நீட்டி, "எடப்பக்கம் வர்ற பந்துக்கு நீ லேட்டாக் குனியற. அதைப் பாத்துக்க" என்றார்.

அன்று நான் விளக்கின் முன் உட்கார்ந்து மாரியம்மனிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் வெகுநேரம் இருந்தேன். இவர் ஜெயிக்க வேண்டும் என்று கேட்க வாய் வரவில்லை. நீங்கள் வெட்டியது வீண்போகக் கூடாது என்று மட்டும் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பூசை முடிந்து முக்காட்டைக்கூட எடுக்காமல் நேரே மைதானத்துக்கு வந்தீர்கள். ஆட்டம் தொடங்கியதுமே ஒரு கோல் விழுந்தது. "பார்சல் வந்துருச்சு" என்று அதே குரல். கேப்டன் திரும்பி வெளியே நின்ற அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தன் வெறுங்காலைக் காட்டிக் கையை விரித்தார். கேப்டன் கோல் பக்கம் திரும்பி, "சரி, நீங்கதான். பின்னாலிருந்து சத்தம் குடுங்க" என்றார். அதுவரை கோலுக்குள் வாயே திறக்காத இவர், அதற்குப் பிறகு போட்ட சத்தம் ரயில் பாதைவரை கேட்டது. முட்டி மடங்கியது. இடப்பக்கம் வந்த பந்துகளை மண்ணில் விழுந்து தடுத்தார். நம்மவர்களும் ஒரு கோல் போட்டார்கள். அதோடு சமமாக முடிந்தது.

யாரும் அவரைத் தோளில் தூக்கவில்லை. யார் நிற்பது என்ற பேச்சு மட்டும் அதன் பிறகு எழவில்லை. அண்ணன் டாக்டரிடம் தேறினார். பின்னாளில் டிரைவராகி, மாற்றலாகி நீங்கள் ஊரை விட்டுப் போகும்வரை, கோலுக்குப் பின்னால் நின்று இவருக்குப் பந்து எடுத்துப் போட்டது அவர்தான்.

ஒரு நாள் கேட்டேன்: "இவரு நிப்பாருன்னு அன்னிக்கு எப்படீங்க நம்புனீங்க?"

"யாரு நம்புனா? வேற ஆளு இருக்காருன்னு தெரிஞ்சா, நிக்கறவரை எவனும் நம்ப மாட்டான். அவரே தன்னை நம்ப மாட்டாரு. அந்த வேற ஆளை இல்லாமப் பண்ணேன், அவ்வளவுதான்" என்றீர்கள். சொல்லிவிட்டு, "எங்காளையும் காப்பாத்திக்கிட்டேன்" என்று கண்ணைச் சிமிட்டினீர்கள்.

வெட்டிய கான்வாஸ் துண்டை வீணாக்காமல் எனக்குக் கரித்துணியாகத் தைத்துக் கொடுத்தீர்கள். இன்றைக்கும் சோற்றுப் பானையை அதைப் பிடித்துத்தான் இறக்குகிறேன். நேற்று அதைத் திரும்பப் பேட்டிலேயே வைத்துத் தைக்கலாமா என்று எடுத்துப் பார்த்தேன். கரியும் கஞ்சியும் ஏறிப்போயிருக்கிறது. புதுக் கான்வாஸும் பிரம்பும்தான் வைத்தேன். ஆடி மாதம் மாதா கோயிலில் உங்களுக்காக ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். என்ன சொல்லிக் கும்பிடுவது என்று தெரியவில்லை, உங்கள் பெயரைச் சொன்னேன். வீட்டுக் கணக்கில் அதைச் சாமி விளக்குக்கு வாங்கிய எண்ணெயோடு சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன்.

இன்று காலை தைக்க உட்கார்ந்தபோது இவர் ஆபீசுக்குக் கிளம்பாமல் எதிரே வந்து உட்கார்ந்தார். ஊசி இறங்காத இடத்தில் பேட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.  எழுந்து போகும்போது சொன்னார்:

"இன்னொரு தையல் போட்டுரு. நாளைக்கு நானே கோல்ல நிக்கறேன்னு வந்து கேட்டாலும் பிரிச்சுக் குடுத்துறாதே."

இரட்டைத் தையல் போட்டுவிட்டேன், அக்கா.