பறவைப் பதக்கம்

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி குறைந்ததா? இங்கே ஹொல்ம்லியாவில் நான் நல்ல சுகம்.

உதயகுமாரி அன்ரி வீட்டுக் கல்யாணத்துக்கு, அமெரிக்காவின் சூனிப் பழங்குடியினர் அந்தக் காலத்தில் செய்த வெள்ளிப் பதக்கத்தைக் கழுத்தில் அணிந்து போனேன். நீலக்கல்லும் பவளமும் சிப்பியும் வெட்டிப் பதித்த பறவை. கற்களுக்கிடையில் நகம்கூட நுழையாது. நான் தேடிச் சேர்த்தவற்றில் அதுதான் அழகு.

அன்ரி என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "படம் எடுக்கப் போகினம். வெறுங்கழுத்தோடை நிக்காதை, பிள்ளை" என்று தன் தங்கச் சங்கிலியைக் கழற்றினார்.

"வெறுங்கழுத்தில்லை அன்ரி, வடிவாப் பாருங்கோ" என்று பறவையோடுதான் நின்றேன். இனியும் அப்படித்தான்.

கதை உங்கள் காதுக்கும் வரும். உடனே உங்கள் சங்கிலியை அனுப்பிவிடாதீர்கள். வழக்கமாக அனுப்பும் மிளகாய்த்தூள் போதும். சங்கிலி உங்கள் கழுத்தில் கிடக்கிற படமொன்றும் வேண்டும்.

நிலையத்தில் இருந்துதான் எழுதுகிறேன், ரயில் வந்துவிட்டது.

மகள் நிரோசா