நைட்ரைட்: இல்லை

நாள் 207. காலை 07:10. ஊர்தி, பள்ளத்தாக்கு முகாம்

செவ்வாய்ப் பள்ளத்தாக்கின் தென்சரிவில் பாறை மாதிரிகள் எடுத்தாயிற்று. காற்றழுத்தம் சரி. நிலையத்திலிருந்து குருபரனின் நீர் அறிக்கை வந்தது: அமோனியம் குறைவு, நைட்ரேட் அளவோடு, நைட்ரைட் இல்லை. நிலையத் தலைவரும் அவர்தான், தண்ணீர்ப் பொறுப்பும் அவரிடம்தான். அங்கே அவருடன் இருக்கும் என் தம்பி கிளாட்வின் தலைவலி என்றான். நிறையத் தண்ணீர் குடி என்றேன். வேறு விசேஷம் இல்லை.

நாள் 209. பிற்பகல் 15:40. நிலையம்

தம்பி இறந்துவிட்டான். நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

உதடு நீலம். எடுத்துப் பார்த்த ரத்தம் காப்பி நிறம். மாரடைப்பாக இருக்கும் என்கிறார் குருபரன். மறுசுழற்சிக் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்துத் துளியை நானே விட்டேன். அடர்ந்த இளஞ்சிவப்பு. நைட்ரைட். அது ரத்தத்தில் ஏறினால் எவ்வளவு மூச்சு இழுத்தாலும் ஆக்சிஜன் உடம்புக்குப் போய்ச் சேராது. சோதனைப் பெட்டியின் முத்திரை இதுவரை பிரிக்கப்படவே இல்லை. கிழித்தது நான்தான். அப்படியானால் இத்தனை மாத அறிக்கையும் பொய். குருபரன் தனக்கு மட்டும் பூமியிலிருந்து வந்த இருப்புத் தண்ணீரை ஒதுக்கி வைத்திருந்தார், அதனால் பிழைத்தார்.

இனி 'அவர்' என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. அவன்.

நாள் 210. காலை 08:05

அவன் கிடங்குக்குள் போனதும் கட்டுப்பாட்டு அறையிலிருந்து கதவைப் பூட்டினேன். உள்ளே சாப்பாட்டுப் பொட்டலம் இருக்கிறது, தண்ணீர் இல்லை. ஏன் சோதிக்கவில்லை என்று ரேடியோவில் கேட்டேன். பள்ளிக்கூடக் கதையை எடுத்தான்.

"பிளஸ் டூ பிராக்டிகல்ல இருந்தே அப்படித்தாங்க மேடம். எந்த உப்புன்னு அட்டெண்டர் முன்னாடியே சொல்லிருவாருங்க. விடைய எழுதிட்டு, செய்முறைய அப்புறம் நிரப்பிக்குவோம். தண்ணி எப்பவும் நல்லாத்தானுங்க இருந்துச்சு."

அயனிகளை உட்கார்ந்து படி என்றேன். பெயர், வாய்பாடு, மின்சுமை. தப்பில்லாமல் ஒப்பித்தால் ஒரு குவளை தண்ணீர், தப்பினால் இல்லை.

நாள் 211. காலை 11:30

பயத்தில் நன்றாகவே படிக்கிறான்.

"நைட்ரைட் NO₂⁻. நைட்ரேட் NO₃⁻. அமோனியம் NH₄⁺. சல்பேட் SO₄²⁻. பெர்குளோரேட் ClO₄⁻. சரிங்களா அக்கா?"

காலையில் நைட்ரைட்டையும் நைட்ரேட்டையும் மாற்றிச் சொன்னான். ஒரே ஒரு ஆக்சிஜன் வித்தியாசம்தானே என்று சமாதானம் வேறு. நான்கு மணி நேரம் குவளையைத் தரவில்லை. கெஞ்சினான். கேட்கச் சுகமாக இருந்தது, ஒளிப்பானேன்.

நேற்று மேடம், இன்று அக்கா. என்னை அக்கா என்று கூப்பிட ஒருவன் இருந்தான்.

தம்பி செத்த அன்றே நான் உதவி கேட்டிருந்தேன்; சுற்றுப்பாதையிலிருந்து மீட்புக் கலம் நாளை மாலை இறங்குகிறது. அதற்குள் நான் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்.

நாள் 212. காலை 09:00

மூன்று கேன் தண்ணீரும் சோதனைப் பெட்டியும் கதவின் சிறு திறப்பு வழியாகக் கிடங்குக்குள் தள்ளினேன். இரண்டில் நைட்ரைட், ஒன்றுதான் குடிக்கத் தகுந்தது, சோதித்துச் சொல் என்றேன். சரிங்க அக்கா என்றான்.

12:20

"சோதிச்சுட்டேங்க அக்கா. மொதக் கேன் நல்லா பிங்க் ஆயிருச்சு. மூணாவதும் லேசா பிங்க். ரெண்டாவதுதான் சுத்தம். அஞ்சு நிமிஷம் விட்டுத்தான் பாத்தேன், கலர் வரவே இல்லீங்க."

மூன்றிலும் நான் ஊற்றியது ஒரே இருப்புத் தண்ணீர். நைட்ரைட் துளி கிடையாது.

மூன்றும் சுத்தம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் திறந்திருப்பேன். தம்பி மேல் சத்தியம், பூட்டின் விசையில் கை வைத்துக்கொண்டுதான் கேட்டேன். ஒரு சொட்டு மருந்துகூட விட்டிருக்க மாட்டான். விடை இப்படித்தான் இருக்கும் என்று நான் சொல்லிக் கொடுத்தேன், அவன் நிறம் வரைக்கும் நிரப்பிவிட்டான். கிளாட்வின் செத்தும் இவனுக்கு உறைக்கவில்லை.

விசையிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

12:50

மீட்புக் கலத்திலிருந்து கேட்டார்கள்: "நிலையத்தில் உயிருடன் எத்தனை பேர்?"

"ஒருவர்," என்று பதில் அனுப்பிவிட்டேன்.

கிடங்கில் அவன் கேட்காமலே ஒப்பித்துக்கொண்டிருக்கிறான். குளோரைடு, கார்பனேட், பாஸ்பேட். குரல் தெம்பாகத்தான் இருக்கிறது. கிடங்கின் காற்று வால்வு நடைகூடத்தின் கடைசியில்.

விடையை எழுதியாயிற்று. செய்முறை இனிமேல்தான்.