வாசலில் ஊற்றிய தண்ணீர்

என் தங்கச்சி செல்வியைக் கட்டின பிறகும் என்னை "ஏலே" என்றே கூப்பிட்ட ஆசை மாப்பிள்ளைக்கு,

போன இடத்தில் காபி நன்றாக இருக்கிறதா? இல்லை, அங்கேயும் சூடு பத்தவில்லை என்று சண்டையா? அஞ்சாம் வகுப்பைத் தாண்டாத என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. உனக்குச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

நாம் சேர்ந்து போவதாக இருந்த துருக்கிக்கு நான் மட்டும் போனேன். உன் வருஷத் திதிக்கு லீவு போட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்திருக்கிறேன். ராஜபாளையத்து மில்லில் நாம் கழற்றி மாட்டின அதே மெஷின்தான் துருக்கி மில்லிலும். மெஷினை நம்பலாம். மனுஷர்களைத்தான் நம்ப முடியவில்லை.

நான் அங்கே வாடகைக்கு இருக்கிற வீட்டுச் சொந்தக்காரி பாத்மாவையே எடுத்துக்கொள். போன அன்றைக்கு வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்லி, என் உள்ளங்கையில் எலுமிச்சை வாசனைத் தண்ணியை ஊற்றினாள். நாறுகிறேன் என்று சொல்லாமல் சொல்கிறாளோ? மறுநாள் இரண்டு தடவை குளித்துவிட்டுப் போனேன். அன்றைக்கும் ஊற்றினாள்.

பிறகு டீ. பாலும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. குடிக்கக் குடிக்க நிரப்பிக்கொண்டே இருந்தாள். என்னத்தைக் கலந்திருக்கிறாளோ என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டே குடித்தேன். போதும் என்றால் கிளாஸ் மேல் கரண்டியைப் படுக்கப் போட வேண்டுமாம். யார் கண்டது?

என் அறை வாசலில் நீலக் கண்ணாடியில் கண் மாதிரி ஒன்றைத் தொங்கவிட்டாள். என்னை வேவு பார்க்கத்தான் என்று அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். அவள் மறுபடி நேராக்கினாள். ஒரு வார்த்தை பேசாமல் மாதக்கணக்கில் நாங்கள் போட்ட சண்டை அது.

லீவுக்குக் கிளம்பினேன். கார் நகர்ந்ததும் திரும்பிப் பார்க்கிறேன், பாத்மா ஒரு வாளித் தண்ணீரை வீட்டு வாசலில், என் பின்னாலேயே, சளாரென்று ஊற்றுகிறாள்!

எனக்கு உடம்பெல்லாம் பதறிவிட்டது, மாப்ளே. பிணத்தைத் தூக்கின பிறகுதானே நம் வீடுகளில் தண்ணீர் ஊற்றிக் கழுவுவோம்? உயிரோடு போகிறவனுக்கு எவளாவது ஊற்றுவாளா? இனி அந்த ஊர்ப் பக்கமே போவதில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். அந்தச் சம்பளத்தில்தான் என் வீட்டிலும் செல்வி வீட்டிலும் அடுப்பு எரிகிறது என்று தெரிந்தும்தான்.

முந்தாநாள், அங்கே என்னோடு வேலை பார்க்கும் கடையநல்லூர் காஜா போன் போட்டார். செல்வி பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப வாரீய? பாத்மாம்மா தினமும் கேக்காக."

"எதுக்கு? அதான் தண்ணி ஊத்திக் கழுவியாச்சே!"

எலுமிச்சைத் தண்ணி, நீலக் கண், கடைசியில் வாளித் தண்ணீர் என்று எல்லாவற்றையும் சொன்னேன். காஜா சிரித்த சிரிப்பில் செல்வி நிமிர்ந்து பார்த்தாள்.

"அட கூறுகெட்ட மனுசா! தண்ணி மாதிரி தடையில்லாம போயி, தண்ணி மாதிரி திரும்பி வரணும்னு ஊத்துறது அது. பெத்த பிள்ளை பட்டாளத்துக்குப் போனாலும் ஊத்துவாக. அந்தக் கண்ணும் உமக்குத் திருஷ்டி படாம இருக்கத்தான். எலுமிச்சைத் தண்ணி, வீட்டுக்கு வாரவுகளுக்குச் செய்யுற மரியாதை."

போனை வைத்துவிட்டு, அவர் சொன்னதைச் செல்வியிடம் சொன்னேன். அவள் பூண்டைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "ஏண்ணே, அவியளத் தூக்கிட்டுப் போன பொறவு நம்ம வாசல்லயும் அம்புட்டுத் தண்ணி ஊத்துனாகளே?"

அவள் வைத்த பூண்டை எடுத்து நான் உரித்தேன். நீயே சொல். அதே தண்ணீர்தானே? நீ மட்டும் ஏன் வரவில்லை?

நாளைக் காலையில் கிளம்புகிறேன், மாப்ளே. பாத்மாவுக்குப் பால்கோவா வாங்கியாயிற்று. நல்ல சரக்குதானா என்று மூன்று கடையில் மோந்து பார்த்துத்தான் வாங்கினேன், அந்தப் புத்தி போகுமா? வாசலில் செல்வி இப்போதே குடம் நிறையத் தண்ணீர் வைத்திருக்கிறாள்.

"ஏட்டி, எதிர்வீட்டுக்காரி பார்த்தா பதறிப்போவாளே" என்றேன்.

"பதறட்டும். நீ திரும்பி வந்தாப் போதும்" என்கிறாள்.

வந்துவிடுவேன். உனக்கு ஊற்றின அதே வாசலுக்கு, உன் அடுத்த திதிக்கு, செல்வி ஊற்றுகிற தண்ணீர் மேல் சத்தியமாக வந்துவிடுவேன்.

இந்தத் தண்ணியையாவது சந்தேகப்படாமல் நனைந்து போகப்போகிற,
உன் மச்சான்.