கார்டிங் அறையின் காற்றை அளந்த கதை

என் பிரியத்துக்குரிய அந்தோணி மச்சானுக்கு,

சேவியர் எழுதுகிறேன். நீங்கள் போன பிறகு இரண்டு கல்லறைத் திருநாள் வந்து போய்விட்டது. அக்கா சுகமாக இருக்கிறாள். உங்கள் மகள் லூர்து ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்துவிட்டாள். நம் மில்லில் கார்டிங் அறைக்குத் தூசி உறிஞ்சும் குழாய்கள் வந்துவிட்டன. இந்தக் கடைசிச் செய்தியைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதை மட்டும் தனியாகச் சொல்ல வரவில்லை.

ஒரே வாசலில்தான் நாம் இருவரும் சைக்கிளை நிறுத்தினோம். நான் லேபில் நூலை எடை போட்டு அதன் தடிமன் நம்பர் பார்க்கிறவன். நீங்கள் பஞ்சைச் சீவிப் பட்டையாக்கும் கார்டிங்கில். எந்திரத்தின் கம்பிப் பற்களில் சிக்கிய கழிவைப் பிரஷ் உருளை வைத்து உருவி எடுக்கும் வேலை உங்களுடையது. ஸ்ட்ரிப்பிங் என்போம். அது நடக்கும் நேரத்தில் எதிரே நிற்கிற ஆளின் முகம் தெரியாது.

திங்கட்கிழமையானால் உங்களுக்கு நெஞ்சு இறுகும். வாரம் போகப் போகத் தளரும். ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சோறு சேரவில்லை என்று அக்கா கசாயம் வைத்துக் கொடுப்பாள். அதை நீங்களும் நம்பினீர்களா மச்சான்?

சென்னையிலிருந்து அந்த அதிகாரி காற்றிலுள்ள தூசியை அளக்கும் பம்ப்புப் பெட்டியோடு வந்ததும் மில்லில் ஒரு வதந்தி கிளம்பியது. அந்தப் பெட்டி நோயாளியைக் காட்டிக் கொடுத்துவிடும், மறுநாளே அவனுக்கு வேலை இல்லை என்று. யாரும் பக்கத்தில் வரவில்லை. அதிகாரியோ கார்டிங்கில் வேலை செய்கிற ஒருவர் கூடவே ஷிப்ட் முழுக்க நடந்தாக வேண்டும் என்றார். தூசி அறை முழுக்க ஒன்றுபோல் இருக்காதாம். பெட்டியைச் சுவரோரம் வைத்தால் சுவருக்குக் கிடைக்கிற காற்றைத்தான் அளப்போம், வேலை செய்கிறவர் போகிற இடமெல்லாம் அவர் மூக்கருகே பிடித்தால்தான் அவர் இழுப்பது தெரியும் என்று எனக்கு விளக்கினார். லேப் ஆள் என்பதால் பிடிக்கிற வேலையை எனக்குக் கொடுத்தார்கள். நிற்கிற வேலைக்கு நீங்கள் பேர் கொடுத்தீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அக்கா நேராக என் வீட்டுக்கு வந்தாள். “தம்பி, அவர அந்த மிசினு முன்னால நிக்க வேணாம்னு நீ சொல்லு. வேல போச்சுன்னா நாங்க எங்கிட்டுப் போறது?” என்றாள். அவள் பயம் எனக்கும் இருந்தது. மத்தியானம் உங்கள் வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொன்னேன். நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். வெஞ்சனக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு, நிதானமாகத்தான் பதில் சொன்னீர்கள்.

“எனக்கு மட்டும் நெஞ்சடைச்சா அது என் ஒடம்பு, மாப்ள. எல்லாருக்கும் அடைச்சா அது மில்லு. எதுன்னு தெரிஞ்சுக்கிட வேணாமா?”

மறுநாள் காலையில் மேஸ்திரி வந்து, இன்றைக்கு ஸ்ட்ரிப்பிங் வேண்டாம், ஜன்னலையெல்லாம் திறந்து வையுங்கள் என்றார். அவரும் மேலிடம் சொன்னதைச் சொல்கிறவர்தான். எல்லா நாளும் நடக்கிற மாதிரி நடக்காவிட்டால் இந்த அளவீட்டுக்கு அர்த்தமே இல்லை என்று அதிகாரி வாதாடினார். இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் பிரஷ் உருளையைத் தூக்கிவிட்டீர்கள். “உருவாம விட்டா மத்தியானத்துக்குள்ள பட்டை அறுந்து விழும் மேஸ்திரி. அதுக்கும் நாந்தேன் பதில் சொல்லணும்.” மேஸ்திரி மேனேஜர் அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு ஜன்னலைத் திறக்கச் சொல்லாமலே நகர்ந்துவிட்டார்.

தூசியைப் பிடிக்கும் வடிதாள் வைத்த மூடியை உங்கள் மூக்கருகே பிடித்தபடி நடந்தேன். பின்னால் ரப்பர் குழாய், தள்ளுவண்டியில் பம்ப். இத்தனை வருஷம் அதே மில்லில் இருந்தும் அந்த அறையில் அவ்வளவு நேரம் நான் நின்றதில்லை. கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. ஒவ்வொரு எந்திரம் முடிந்ததும் நீங்கள் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சைத் திரட்டினீர்கள். நான் பார்க்கக் கூடாதென்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். ஆனால் தாள் உங்கள் மூச்சோடு போக வேண்டும். அதனால் நானும் சுற்றி அந்தப் பக்கமே வர வேண்டியிருந்தது.

வெள்ளையாகப் போன தாள் சாம்பல் நிறத்தில் திரும்பியது. காற்று ஈரம் தாளில் ஏறினாலும் எடை கூடும் என்பதால், ஒரு நாள் அதை லேபிலேயே ஆறவிட்டோம். பிறகுதான் கண்ணாடிக் கூண்டுத் தராசில் எடை பார்த்தேன். வெறுந்தாளாக முன்னால் பார்த்த எடையைக் கழித்தால் மிச்சம் தூசி. பம்ப் இழுத்த காற்றோடு அதை ஒப்பிட்டுப் பார்த்த அதிகாரி, மிகவும் அதிகம் என்றார். குழாய் வைத்து உறிஞ்ச ஏற்பாடு செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். உங்களைப் பார்த்துத் தைரியம் வந்து, அவர் கொண்டுவந்த ஊதிப் பார்க்கும் குழாயில் மூச்சுப் பரிசோதித்துக்கொண்ட மற்றவர்களின் பெயரை அவர் யாருக்கும் சொல்லவில்லை.

ஆனால் நீங்கள் என்னோடு நடந்ததை மில்லே பார்த்ததே மச்சான். கொஞ்ச நாளில் உங்களை நூல் கட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். தூசியில்லாத இடம், உடம்புக்கு நல்லது என்றார்கள். அது உண்மை. கூலி குறைந்ததும் உண்மை. அக்கா வெகுநாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நீங்கள் மட்டும் பழையபடி வாசலில் எனக்காகச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

குழாய் வரும் வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதற்குள் அந்த மார்கழிச் சளி வந்து உங்கள் நெஞ்சில் கட்டிக்கொண்டது. பீடி குடிப்பாரா என்று ஆஸ்பத்திரியில் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். இல்லை என்று அக்கா ஒவ்வொரு தடவையும் சொன்னாள். உங்கள் உயிர் போனதற்கு மில் தூசிதான் காரணமா என்று நாங்கள் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

இந்த வருஷம் குழாய்கள் வந்ததும் அதே அதிகாரி மறுபடி அளக்க வந்தார். அக்கா என்னோடு மில் வாசல்வரை வந்து, அவரிடம் நேரிலேயே கேட்டாள்: “அவரு நெஞ்சுக்குள்ள எம்புட்டு போயிருக்கும் சார்?”

அவர் முதலில் உங்களோடு வேலை பார்த்தவர்களைக் கூப்பிட்டு விசாரித்தார். பழைய நாளில் பட்டை பறக்காமலிருக்க ஜன்னல்களை ஆணி அடித்து மூடியிருந்தது, அப்போது வந்த பஞ்சு இன்னும் அழுக்கானது, ஆள் குறைவென்று நீங்கள் கூடுதல் எந்திரங்கள் பார்த்தது, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: “அளந்தது அந்த ஒரு நாள்தாம்மா. மத்த வருஷங்களுக்கு நான் சொல்றது மதிப்பீடுதான், அளவு இல்ல. ஆனா அன்னைக்கு அளந்ததுக்குக் கொறைவா ஒரு வருஷமும் இருந்திருக்காது. கூடத்தான் இருந்திருக்கும்.”

அக்கா அழுவாள் என்று நினைத்தேன். “அப்ப அது நோஞ்சான் நெஞ்சு இல்ல தம்பி. இம்புட்டையும் தாங்கித்தேன் இருந்திருக்கு” என்றாள். சேலையை உதறிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அன்று சாயங்காலம் லூர்துவிடம் எனக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பினாள்.

உங்கள் இடத்தில் இப்போது ஒட்டன்சத்திரத்துப் பக்கத்து ஆள் ஒருவர். “ஏனுங்க, இத மூக்குக்கிட்டப் புடிச்சா எனக்கு என்னாகுமுங்க?” என்று கேட்டார். உங்களைப் பற்றிச் சொன்னேன். முழுவதும் சொன்னேன், கூலி குறைந்ததையும். யோசித்துவிட்டு, சரியென்று நின்றார். தாள் இந்த முறையும் வெள்ளையாகத் திரும்பவில்லை. ஆனால் சாம்பலாகவும் இல்லை. ஸ்ட்ரிப்பிங் நடக்கும்போதே அறையின் மறுகோடியில் நின்ற மேஸ்திரியின் முகம் எனக்குத் தெரிந்தது.

அடுத்து ஊருக்குள் இருக்கிற புகையிலைக் கிடங்கை அளக்கப் போகிறார்கள். பெண்கள் உட்கார்ந்து புகையிலைத் தூள் சலிக்கிற இடம். தாள் பிடிக்க என்னைக் கேட்டிருக்கிறார்கள். போகிறேன் மச்சான். ஆனால் நிற்கிற பெண்ணுக்கு வேலையும் கூலியும் மாறாது என்று கிடங்கு முதலாளி எல்லார் முன்னாலும் தன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாதவரை பம்ப்பை ஓடவிட மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் மூச்சுக்குப் பக்கத்தில் ஒரு நாள் நடந்த,
மச்சினன் சேவியர்