கூப்பிட்ட குரலுக்கு

வெரிபீ
7 ஜூலை 2025

அன்பின் அக்காவுக்கு,

அன்பு என்று எழுதவே கை கூசுகிறது. பள்ளி விடுமுறை தொடங்கிய அன்றே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள். குசினி மேசையில் ஒரு துண்டுக் கடிதம்: 'சிட்னிச் சிநேகிதி விமலாவோட லோர்ட் ஹாவ் தீவுக்குப் போட்டு வாறன்.' அங்கே கைத்தொலைபேசியும் எடுக்காதாம். விடுதிக்கு மின்னஞ்சல் எழுதவேண்டிய கேவலம் எனக்கு!

மயூரா வேலைக்கு லீவு போட்டுவிட்டு எங்கள் பிள்ளைகளோடு நிற்கிறாள். இந்த வயதில் உங்களுக்கு எரிமலைத் தீவும் கடற்கரையும் கேட்குதோ? யாரைக் கேட்டுப் போனீர்கள்? ஸ்பொன்சர் பண்ணி உங்களை ஊரிலிருந்து அவுஸ்திரேலியாவுக்கு எடுத்தவன் நான். டிக்கெற்றை மாற்றி வியாழக்கிழமை வாருங்கள்.

சுஜீதன்

லோர்ட் ஹாவ் தீவு
8 ஜூலை 2025

தம்பி சுஜீதனுக்கு,

சுகமா என்று ஒரு வார்த்தை இல்லை. யாரைக் கேட்டுப் போனாய் என்கிறாய். உன் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, என் கையால் சோறு தீத்தி வளர்த்தேனே, அப்போது என்னை யாரடா கேட்டது? ஒருநாளாவது 'அக்கா, ஏலுமோ?' என்றாயா? இந்தப் பயணத்தை மாசி மாதமே சொன்னேன். 'ஓம் ஓம், பிறகு பாப்பம்' என்றாய்.

நேற்றுக் கயிற்றைப் பிடித்துப் பிடித்து மலையுச்சிக்கு ஏறினேன். இங்கே எரிமலை எப்போதோ அவிந்துவிட்டதாம். என் வயிறுதான் எரிகிறது. உச்சியில் வழிகாட்டி கையைக் குவித்துக் கூவினான். அந்தக் குரலைக் கேட்டு, மேலே பறந்த கடற்பறவைகள் பொத்துப் பொத்தென்று எங்கள் காலடியில் வந்து விழுந்தன. கையில் தூக்கினாலும் பறக்கவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். விமலா என் காதுக்குள், "உம்மைப் போலத்தான், என்ன?" என்றாள். அவளோடு கோபப்பட்டேன். பிறகு யோசித்துப் பார்த்து உன்னோடு கோபப்பட்டேன்.

வியாழன் வரமாட்டேன்.

சந்திரவதனா

வெரிபீ
10 ஜூலை 2025

அக்கா,

கோபத்தில் எழுதிவிட்டேன் என்று வையுங்கள். சின்னவள் உங்களைக் கேட்டு அழுகிறாள், சாப்பிடுகிறாள் இல்லை. திங்கள் மயூராவுக்கு வேலை. ஞாயிறு மெல்பேர்ன் விமான நிலையத்துக்குக் கார் கொண்டு வருகிறேன்.

சுஜீதன்

சிட்னி
12 ஜூலை 2025

தம்பி,

நாளை விமான நிலையத்தில் வந்து நிற்காதே. இங்கே விமலா வீட்டில் எனக்கு ஓர் அறை இருக்கிறது. அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஆள் தேடுகிறார்கள். செவ்வாய் போய்க் கதைக்கப் போகிறேன்.

சின்னவள் அழுகிறாள் என்று வாசித்தபின் எனக்கும் சோறு இறங்கவில்லை. அது உனக்குத் தெரியும், தெரிந்துதான் எழுதினாய். அவளுக்காகத்தான் அந்த வீட்டில் இவ்வளவு காலம் நின்றேன், உன் ஸ்பொன்சருக்காக இல்லை.

அவளுக்கு முட்டைப் பொரியலில் மிளகு போடாதே. தகப்பன் நீதானே, பக்கத்தில் இருந்து தீத்து.

அக்கா