பிராடிப்போவைக் குளிப்பாட்டியது யார்

மச்சாள்,

நேற்று மகள் கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். கோஸ்தாரிக்காவுக்கு விடுமுறை போகிறாளாம். படத்தில் யாரோ ஒருத்தி, ஸ்லோத் எனப்படும் பிராடிப்போ ஒன்றைக் குழந்தைபோல் தூக்கி வைத்திருந்தாள். "அம்மா, பாருங்கோ, எப்பிடிச் சிரிக்குது." அது சிரிப்பில்லை, அதன் முகவெட்டே அப்படித்தான்.

தொண்ணூறுகளில், இத்தாலிக்கு வந்த புதிதில், பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்து வீட்டில் நாம் இருவரும் வேலை செய்த அந்த மாசி மாதக் குளிர் உங்களுக்கு மறந்திருக்காது. தென்னமெரிக்கக் காட்டு மரங்களில் தலைகீழாகத் தொங்கி வாழும் அந்த மிருகத்தை யாரோ கப்பல்காரனிடம் வாங்கி, வீட்டு எசமானி சிஞ்ஞோரா குளியலறையில் விட்டிருந்தார். விருந்தாளிகள் அதைக் கைக்குக் கை மாற்றிப் படம் எடுத்தார்கள். அது ஒரு கையை மெல்லத் தூக்கும். கட்டிப்பிடிக்க வருகிறதாம், உருகிப்போனார்கள். நீங்கள் மட்டும் குசினிக்குள் வந்து, "மச்சாள், உது பயத்திலை விறைச்சுப்போய் இருக்கு. ஊரிலை ஆமி செக்பொயின்ரிலை நாங்கள் நிண்டமே, அப்பிடி" என்றீர்கள்.

"உங்கடை வேலையைப் பாருங்கோ" என்று நான் எரிந்து விழுந்தேன். அடுத்த கிழமை குவெஸ்தூரா பொலிஸ் அலுவலகத்தில் என் பெர்மெசோவை, அந்த வதிவிட அனுமதியை, புதுப்பிக்க வேண்டும். சிஞ்ஞோராவின் வேலைக்கடிதம் இல்லாவிட்டால் நானும் பிள்ளையும் அந்தரித்துப் போவோம் என்பது உங்களுக்கும் தெரியும்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை. சிஞ்ஞோரா வெளியே போயிருந்தார். அதன் முதுகு பச்சைப் பசேலென்று இருந்தது. அழுக்கைக் கண்டால் நமக்குக் கை சும்மா இராதே. சவர்க்காரம் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தேன். பச்சை போய்விட்டது, எனக்குப் பெருமை வேறு. அரை மணித்தியாலத்தில் அது தொங்கவும் தெம்பில்லாமல் தரையில் கிடந்தது. தொட்டால் சில்லென்று இருந்தது.

சீசாப் பகுதியிலிருந்து பஸ் பிடித்து நீங்கள் வேலைக்கு வந்தபோது, அதைத் துவாயால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். நீங்கள் தொலைபேசியை எடுத்தீர்கள். வனக்காவலருக்கு. நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேண்டாம் மச்சாள். என்ரை பெர்மெசோ."

"இது சாகப்போகுது. என்ரை பெர்மெசோ முடிய இன்னும் ஒண்டரை வருசம் கிடக்கு. நீங்கள் வாயைத் திறக்காதையுங்கோ."

வந்தவர்களில் மிருக வைத்தியர் ஒருவரும் இருந்தார். முதுகுப் பச்சை அழுக்கில்லை, பாசி. காட்டில் அதை ஒளித்துக் காப்பாற்றுவதே அதுதான் என்றார். அதற்கு உடம்புச் சூடு தானாக நிற்காது, ஈரத்தோடு குளிரில் விட்டால் போய்விடும் என்றார். வாங்க ஆளிருக்கும்வரை காட்டில் பிடிப்பார்கள், வாங்காமலும் தூக்கிப் படம் எடுக்காமலும் விட்டாலே பெரிய உதவி என்றும் சொன்னார். அப்போதுதான் சிஞ்ஞோரா வந்து சேர்ந்தார். குளிப்பாட்டியது யார், கூப்பிட்டது யார் என்று கத்தினார்.

"ரெண்டும் நான்" என்றீர்கள், உங்கள் உடைந்த இத்தாலியனில். "அவவுக்கு ஒண்டும் தெரியாது."

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மிருகத்தை வடக்கே ஒரு காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்ததா என்று நமக்குக் கடைசிவரை தெரியவில்லை. எனக்கு வேலைக்கடிதம் கிடைத்தது. உங்களை அன்றே நிறுத்திவிட்டார்கள். கதை பரவி, அந்தப் பக்கத்தில் ஒரு சிஞ்ஞோராவும் உங்களைச் சேர்க்கவில்லை. வருசக்கணக்காகப் பிரான்காச்சோவில் பட்டறை பட்டறையாகக் கூட்டித் துடைத்தீர்கள். பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் கூடும்போதெல்லாம் என் மனுசன், உங்கள் அண்ணன், "ஒரு மிருகத்துக்காக வேலையைத் துலைச்ச விசரி" என்பார். நீங்கள் சிரித்துக்கொண்டே கறி பரிமாறுவீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், மச்சாள்.

நேற்று மகளிடம் வைத்தியர் சொன்னதைச் சொன்னேன். "அப்ப தூர நிண்டு பாக்கிறன் அம்மா. தூக்கமாட்டன்" என்றாள். சாய்கதிரையிலிருந்து உங்கள் அண்ணனின் குரல் வந்தது. "உந்தச் சனியனாலைதானே என்ரை தங்கச்சியின்ரை வாழ்க்கை கெட்டது."

"குளிப்பாட்டினது நான்" என்றேன். "எனக்காகத்தான் அவ பழியைத் தன்ரை தலையிலை போட்டவ."

அவர் சாய்கதிரையிலிருந்து எழும்பினார். பிறகு, "அண்டைக்கே சொல்லியிருந்தீர் எண்டால், அவள் உயிரோடை இருக்கேக்கையே நான் மன்னிப்புக் கேட்டிருப்பன்" என்றார்.

உங்கள் வேலையோடு அந்த மன்னிப்பையும் நான்தான் பறித்திருக்கிறேன்.