அத்தைக்கு ஒரு சொம்புத் தண்ணீர்

மாமியார் குஞ்சம்மாளின் வயிறு உப்பிக்கொண்டே வந்தது. சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கலாம், ஸ்கேன் எடுங்கள் என்றார் டாக்டர்.

"இந்த வயசுல அதையெல்லாம் காட்டுனா ஊரு சிரிக்கும்" என்று மறுத்தவர், அதோடு, வற்புறுத்திய மருமகள் சரிதாவிடம் பேசுவதையும் அவள் சமைத்ததைச் சாப்பிடுவதையும் நிறுத்திவிட்டார். காலையில் அவர் ஆடு மேய்க்கப் போயிருந்தபோது, வேலைக்குக் கிளம்பிய சரிதா எழுதி வைத்தாள்:

"அத்தை, கோவம் எம்மேலதானுங்களே, சோத்துமேல எதுக்குங்க? சாப்புடுங்க. மத்தியானம் சேலத்துக்கு ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போக வாரேன். நான் வார நேரத்துக்கு ஒரு சொம்புத் தண்ணி குடிச்சுட்டு, பாத்ரூம் போகாம இருங்க. அப்பத்தான் கட்டி நல்லாத் தெரியுமாம். பேசப் புடிக்கலைன்னா வண்டியில திட்டிக்கிட்டே வாங்க.

பி.கு. எனக்கும் பயமாத்தானுங்க இருக்குது."

மத்தியானம் சரிதா வந்தபோது, வாசலில் நல்ல சேலை கட்டி நின்றிருந்தார் குஞ்சம்மாள்.

"ரெண்டு சொம்பு குடிச்சுட்டேன். சீக்கிரம் வண்டிய எடு சாமி, அடக்க முடியல!"